தலைப்பு எண் நூற்றுப் பதின்மூன்று

அந்தச் சொல் எங்கள் அலுவலகத்தில் எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால் அகராதியைப் புரட்டாதீர்கள், என்னைக் கேளுங்கள். நான் போக்குவரத்துக் கழகத் தலைமை அலுவலகத்தில் தபால் பிரிவு. இந்தக் கட்டடத்துக்குள் வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு காகிதமும் என் கைபட்டுத்தான் நகரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மூன்று மாடியிலும் சொல்வார்கள். நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், இதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

சொல்லப்போவது தலைப்பு அக்காவைப் பற்றி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது, மற்றபடி எல்லோருக்கும் அவர் தலைப்பு அக்காதான். இரண்டாம் மாடியில் புகார்ப் பிரிவு, ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல், ஒரு கால் குட்டையான மேசை. ஆடாமல் இருக்க அந்தக் காலுக்கு அடியில் மடித்த அட்டை. இருபத்து நான்கு வருடமாக அதே மேசை, அட்டையை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

வேலை இதுதான். முப்பத்தொரு பணிமனைகளிலிருந்து ஓட்டுநர், நடத்துநர், பட்டறை ஆட்கள், துப்புரவு ஆட்கள் என்று எல்லோருடைய புகார்க் கடிதங்களும் அவரிடம் வரும். ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்து, வலது மூலையில் நீலப் பென்சிலால் ஒரு தலைப்பும் எண்ணும் எழுதி, உரிய பிரிவுக்கு அனுப்புவார். தலைப்புகள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு, அச்சடித்த பட்டியல். எலித் தொல்லை நாற்பத்தேழு. நாய்த் தொல்லை நாற்பத்தெட்டு. மின்விசிறிச் சத்தம் அறுபத்தொன்று.

தலைப்பு என்றால் ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். தலைப்பு விழுந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அந்தப் பிரிவு பதில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் முப்பத்தோராம் நாள் அந்தக் கடிதம் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு நேராகப் பொது மேலாளர் மேசைக்குப் போய்விடும். அங்கே அவர் சரி என்றோ முடியாது என்றோ தன் கையால் எழுதியே தீர வேண்டும், முடியாது என்றால் காரணத்தோடு. இந்தக் கட்டடத்தில் சாமிக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தச் சிவப்பு நாடாவுக்குப் பயப்படுவார்கள்.

அக்காவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இப்போது நிர்வாக மேலாளர். இன்னொருவர் பதவி உயர்வுப் பிரிவின் தலைவர். எதைக் கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கு" என்பார், அதனால் அவருக்குப் பரிசீலனை சார் என்று பெயர். துறைத் தேர்வை அக்கா இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் பாஸ். அப்போதெல்லாம் அவர்கள் சொன்னது, "நீங்க மேல போயிட்டா இந்தப் பிரிவை யாரும்மா பாக்கறது?" அக்கா அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், தையல்காரர். வீட்டு முன்னறையில் மெஷின், சுவர் முழுக்கத் தொங்கும் பள்ளிச் சீருடைகள், தரையெல்லாம் நூல் துணுக்கு. அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, இன்னைக்கு யார் யாரு அழுதாங்க?" என்று கேட்பார். அக்கா காஜா எடுத்துக்கொண்டே ஒன்று விடாமல் சொல்வார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தக் கடிதங்கள்தான் அங்கே பேச்சுச் சத்தம்.

இனி மெக்கானிக் வருகிறாள். பத்தொன்பதாம் பணிமனையில் பட்டறை உதவியாளர். உத்தியோகப்படி அவள் மெக்கானிக் இல்லை, அதுதான் சங்கதியே. ஆனாலும் அவளுடைய முதல் கடிதத்தைப் படித்த அன்றே அக்கா அவளை மெக்கானிக் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். காகிதத்தின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் அடையாளம் இருக்கும். "ஐயா, நான் கியர்பாக்ஸ் இறக்குவேன், ஏற்றுவேன். தொழில் தேர்வில் மூன்று முறையும் முதல் மதிப்பெண். வேலையை நான் செய்கிறேன், வேலைப் புத்தகத்தில் வேறு ஆட்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். வண்டிக்கு அடியில் படுப்பது பெண்ணுக்கு அழகா என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். ஆனால் தினமும் படுக்கச் சொல்வதும் அவர்தான்." இப்படி எழுதுவாள். அழுகை இருக்காது.

வருடத்துக்கு ஒரு கடிதம், ஆறு வருடம். தலைப்பு ஒன்பது, பதவி உயர்வு. ஒவ்வொரு தடவையும் இருபத்தொன்பதாம் நாள் பரிசீலனை சாரிடமிருந்து ஒரு வரி வரும்: பரிசீலனையில் உள்ளது. அதுவும் பதில்தானாம், சிவப்பு நாடா கிடையாதாம். உதவியாளர் மெக்கானிக் ஆக வேண்டுமானால் நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் ஆக வேண்டும் என்பது விதி. ஏழாவது கடிதம் எழுதியபோது அவளுக்கு இன்னும் ஐந்து மாதம் பாக்கி. அந்தச் சமயம் பார்த்துப் பொது மேலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: பரிசீலனையில் உள்ளது என்று எழுதினால் இனிமேல் பதிலாகாது, முடிவைத்தான் எழுத வேண்டும். அக்கா அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"இந்தத் தடவை தப்பிக்க முடியாதுடி. ஒண்ணு அவர் எழுதணும், இல்லன்னா ஜி.எம். எழுதணும்" என்றார்.

"ஜி.எம். மட்டும் என்ன பெரிய நியாயவானா?"

"நியாயவான் வேண்டாம். மூணு தடவை முதல் மார்க் வாங்கினவளை வேண்டாம்னு சொல்ல ஒரு காரணம் எழுதணும் இல்ல? அதை எந்த மனுஷனால எழுத முடியும்?"

இதற்கு நடுவில் அக்காவிடம் வேறொரு பழக்கம் இருந்தது. சில கடிதங்களுக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வைத்து, அதன் பின்பக்கம் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். பல வருடமாக வைத்துக்கொண்டிருந்தார். பெண் நடத்துநர்களுக்குக் கழிப்பறை இல்லை, அது கட்டடம். சீருடைச் சட்டை ஆண் அளவில்தான் வருகிறது, அது கிடங்கு. நேர்காணலில் எப்போது பிள்ளை பெறுவாய் என்று கேட்டார்கள், அது ஆள் தேர்வு. அதிகாரிப் பதவிக்குத் தகுதியான மூன்று பெண்களைத் தள்ளிவைத்தார்கள், அது பதவி உயர்வு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடிக்குப் போனது. ஒரு நாள் அக்கா புள்ளி வைத்த கடிதங்களின் நகல்களையெல்லாம் மேசைமேல் பரப்பினார். நாற்பத்தொன்று.

"எல்லாம் ஒரே கடிதம்டி" என்றார். "நாற்பத்தொரு பேரு ஒரே கடிதத்தை எழுதியிருக்காங்க. நான்தான் பிரிச்சுப் பிரிச்சு அனுப்பிட்டேன்."

பட்டியலைத் தேடினோம். எலிக்குத் தலைப்பு இருக்கிறது. நாய்க்கு இருக்கிறது. இதற்கு இல்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சொல் பைத்தியம் பிடித்தது. மதிய இடைவேளையில் நூலக அறைக்குப் போய், தடிமனான அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெண் வெறுப்பு என்று ஒரு சொல் கிடைத்தது. அக்காவுக்குத் திருப்தி இல்லை. "வெறுப்புன்னு எப்படிச் சொல்றது? பரிசீலனை சார் பொண்டாட்டி போன் பண்ணா எழுந்து நின்னு பேசறாரு. மக படிப்புக்கு உயிரை விடறாரு. வெறுக்கறவர் இல்ல. ஆனா கையெழுத்துப் போட மாட்டாரு." ஆணாதிக்கம் என்று ஒன்று. அதைப் பார்த்தால் மேலே இருக்கிற ஆண்கள் கடிதத்தையே பிரிக்க மாட்டார்கள் என்று ஒதுக்கினார். கடைசியில் பாலினப் பாகுபாடு. பாகுபாடு என்றால் ஆதியில் வெறுமனே பிரித்து வைப்பதுதான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று அகராதி சொன்னது. எதையோ ஒன்றைக் காரணம் காட்டி ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுக்க ஆரம்பித்த பிறகு அந்தச் சொல்லிலும் அழுக்கு ஏறிவிட்டது.

அர்த்தத்தை மட்டும் மாமாதான் சொன்னார். அக்கா வீட்டில் கேட்டிருக்கிறார். மாமா மெஷினை நிறுத்திவிட்டு, "நான் சட்டை தைக்கறவன், என்னைக் கேக்கறியே" என்று சிரித்திருக்கிறார். பிறகு, "அளவே எடுக்காம, இது உனக்குச் சரியா வராதுன்னு சொல்லி அனுப்பறது. அதுதானே?" என்றாராம். அக்கா அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். இதுவரை நான் கேட்டதில் இதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

அக்கா ஒரு குறிப்பு தயார் செய்தார். நூற்றுப் பதின்மூன்றாவது தலைப்பு ஒன்று வேண்டும், பாலினப் பாகுபாடு, இணைப்பு நாற்பத்தொரு கடிதங்கள். முதலில் வைக்கிற கடிதம் கேள்வி கேட்க முடியாததாக இருக்க வேண்டும் என்று மெக்கானிக்கின் ஏழாவது கடிதத்தை வைக்க நினைத்தார். நகல் போதாது, மூலக் கடிதம்தான் கனமாக இருக்கும் என்றார். அது மூன்றாம் மாடியில் பரிசீலனை சாரிடம் இருந்தது. போய்க் கேட்டு வாங்கி வந்தது நான்தான். அவர் மறு பேச்சில்லாமல் கொடுத்தார், அவசரமாகக்கூடக் கொடுத்தார். அது அங்கே போய் அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். அந்தக் கணக்கை நானும் பார்க்கவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்க்கிற அக்காவும் பார்க்கவில்லை. புதிதாக ஒரு சொல் கிடைத்த சந்தோஷம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

பொது மேலாளர் அடுத்த மாதம் ஏதோ மாநாட்டில் இதே விஷயத்தைப் பற்றிப் பேசப் போவதாக இருந்தார். குறிப்பைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல். கையெழுத்து விழுந்தது. தலைப்பு எண் நூற்றுப் பதின்மூன்று. அச்சடித்த சுற்றறிக்கையை முப்பத்தொரு பணிமனைகளுக்கும் நானே உறையில் போட்டேன். மெக்கானிக்கிடமிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "இத்தனை வருடம் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிவித்தமைக்கு நன்றி." அக்கா அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியைச் சட்ட அலுவலர் சேர்த்திருந்தார். இந்தத் தலைப்பில் வரும் புகார்களை எந்தப் பிரிவும் தொடக் கூடாது, தனிக் குழு ஒன்றுதான் விசாரிக்கும். குழுவில் மூன்று பேர்: சட்ட அலுவலர், நிர்வாக மேலாளர், துணை மேலாளர் பதவிக்குக் குறையாத ஒரு பெண் அதிகாரி. முப்பது நாள் கெடு, குழு முதன்முதலாகக் கூடும் தேதியிலிருந்து. படித்தபோது எல்லாம் பொறுப்பாகத்தான் தெரிந்தது.

குழு கூடவில்லை. ஏனென்றால் எங்கள் கழகத்தில் துணை மேலாளர் பதவியில் ஒரு பெண்கூடக் கிடையாது. அலுவலகத்தில் இருந்த பெண்களிலேயே பெரிய பதவி தலைப்பு அக்காவுடையது, முதல் நிலை எழுத்தர். வெளியிலிருந்து ஒருவரை அனுப்பும்படி போக்குவரத்துத் துறைக்கு எழுதினார்கள். உங்கள் ஆட்களிலேயே ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பதவி உயர்வுக்குத் தகுதியான மூன்று பெண்களின் கோப்புகளும் எங்கே இருந்தன? அந்த நாற்பத்தொன்றுக்குள், குழுவுக்கென்று வைத்த கோப்புத் தட்டில். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு மதியம் மெக்கானிக் நேரிலேயே வந்தாள். சீருடை துவைத்துப் போட்டிருந்தாள், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. அக்கா எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"மேடம், எனக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. கடிதம் எங்க இருக்குன்னு சொன்னா நானே போய்க் கேட்டுக்கறேன்."

அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். பரிசீலனை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழு முன்னாடி இருக்கற விஷயத்துல நாங்க கை வைக்கக் கூடாதும்மா. சுற்றறிக்கையிலயே இருக்கு. நீங்கதானே தயார் பண்ணினது?"

"பழைய தலைப்புக்கே மாத்திக் கொடுத்துடறேன் சார்."

"குழுதான் மாத்தணும்."

"குழு எங்க சார் இருக்கு?"

"அது பரிசீலனையில இருக்கு" என்றார். கிண்டல் ஒன்றும் இல்லை, அந்த மனிதருக்கு வேறு வார்த்தை தெரியாது. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா என் கையை அழுத்தினார்.

கீழே வந்து அக்கா புதுக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் நின்றபடியே எட்டாவது கடிதத்தை எழுதினாள். அக்கா வலது மூலையில் தலைப்பு ஒன்பது என்று எழுதினார். முப்பது நாள் கெடுவும் ஒன்பது நாள் வயதும் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் எழுதினாள், எங்களுக்காக எழுதினாளோ என்னவோ. அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா மூன்றாம் மாடி போய் நின்றுவிட்டு வருவார். ஒன்பதாம் நாள் போகவில்லை.

அந்தக் கடிதத்துக்கு யாரும் பதில் எழுதவில்லை. முப்பத்தோராம் நாள் அது சிவப்பு நாடா கட்டிக்கொண்டு பொது மேலாளர் மேசைக்குப் போனது. மாலைக்குள் திரும்பி வந்தது. "வயது வரம்பு கடந்துவிட்டது. கோப்பை முடிக்கவும்." காரணம் எழுத வேண்டுமே என்று அக்கா சொன்னார் இல்லையா? எழுதிவிட்டார்கள். அதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது.

பதிலை நான் உறையில் போட்டு ஒட்டினேன். அக்கா அதைத் தபாலில் விடாமல் எடுத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு, பத்தொன்பதாம் பணிமனைக்குக் கிளம்பினார். தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். பட்டறையில் ஒரு பேருந்து நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன, கிழிந்த கேன்வாஸ் ஷூ. அக்கா எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்தார். நல்ல புடவை. உறையைப் பிரித்துப் படித்துக் காட்டினார். உள்ளே ஸ்பானர் சத்தம் நிற்கவில்லை.

"தெரியும் மேடம்" என்றது குரல்.

"இன்னொண்ணு உனக்குத் தெரியாதும்மா. உன் ஏழாவது கடிதத்தை மூணாம் மாடியிலருந்து எடுக்க வச்சது நான்தான். அந்தத் தலைப்பு வாங்கறதுக்காக. அன்னைக்கு இருபத்திரண்டாம் நாள்."

இப்போது சத்தம் நின்றது. பக்கத்து வண்டியில் யாரோ எஞ்சினைப் போட்டு அணைத்தார்கள். கால்கள் இரண்டும் அசையவே இல்லை.

"எட்டு நாள் விட்டிருக்கலாமே மேடம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அவள் ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி, "அங்க பக்கத்துல பதினேழு நம்பர் ஸ்பானர் இருக்கும், எடுங்க" என்றாள். அக்கா தேடித் தேடிப் பார்த்தார், எது பதினேழு என்று கண் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் வேலைப் புத்தகத்தோடு வந்து, அந்த கியர்பாக்ஸுக்கு வேறு ஒருவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த அக்கா பழைய அக்காவாக இல்லை. முதல் வேலையாகக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்து இழுப்பறையில் போட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஒரு கடிதத்தின்மேலும் எழுதவில்லை. கழிப்பறையா, கட்டடம். சட்டையா, கிடங்கு. குழுவின் தட்டில் இருந்தவர்களுக்கும் தன் கையால் தனித்தனியாக எழுதினார்: அந்த வார்த்தையைக் குறிப்பிடாமல் புதிதாக ஒரு கடிதம் போடுங்கள். போட்டார்கள். இரண்டு பணிமனைகளில் கழிப்பறை கட்டினார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான்கு பெண்களுக்கு அளவான சட்டை வந்தது. மற்ற கடிதங்கள் பழையபடி மாடி மாடியாக ஏறி இறங்கின.

"ஏன்கா, தோத்துட்டோம்னு ஒத்துக்கறீங்களா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"அந்த வார்த்தையைப் போட்டா கடிதம் செத்துடுதுடி" என்றார்.

போன மாதம் ஆண்டுக் கூட்டம். பெரிய கூடம், முன்வரிசையில் அதிகாரிகள், எங்களுக்குக் கடைசி வரிசை. பொது மேலாளர் புகார்ப் பட்டியலைத் தலைப்பு வாரியாக வாசித்தார். எலித் தொல்லை, பதினாறு. மின்விசிறிச் சத்தம், ஒன்பது. வாசித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"தலைப்பு நூற்றுப் பதின்மூன்று. பாலினப் பாகுபாடு. இந்த ஆண்டு முழுவதும் புதிதாக ஒரு புகாரும் இல்லை" என்றார். "நம்ம கழகத்துக்கு இது பெருமை. தனியா ஒரு தலைப்பு உருவாக்கி, அதை ஒரே வருஷத்துல பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கோம்."

கூடம் முழுக்கக் கைதட்டியது. பரிசீலனை சார் எழுந்து நின்றே தட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். தலைப்பு அக்காவும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க ஏன்கா தட்டறீங்க?"

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "தட்டலைன்னா ஏன்னு கேப்பாங்கடி" என்றார். "கேட்டா, சொல்ல ஒரு வார்த்தை வேணும் இல்ல?"

மறுபடியும் தட்ட ஆரம்பித்தார், மற்றவர்கள் நிறுத்தும்வரை.